சனிக்கு நாற்பத்தெட்டு நிமிடம்

நாச்சம்மையின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைவிட ஒரு கறுப்புப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அது 1979. கோலாலம்பூரில் ஒரு மண்டபம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஊரார் பார்க்கும்படி பரப்பி வைப்பது நகரத்தார் வழக்கம். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான் பூசிய மங்குச் சாமான் என்று இனம் இனமாக வரிசை போட்டிருந்தார்கள். எவர்சில்வர் முடிந்து மங்குச் சாமான் தொடங்கும் இடத்தில், பட்டுத் துணியின் மேல் அந்தப் பெட்டி இருந்தது. இரண்டு பக்கமும் மரச்சட்டம். முன்னால் பியானோவில் இருப்பதுபோல முப்பத்தேழு கட்டைகள். அதற்கு மேலே குமிழ்களும், மேலும் கீழும் தள்ளுகிற சின்னப் பிடிகளுமாக ஒரு பெரிய கூட்டம்.

"என்ன இது, புது மாதிரி அடுப்பா?"

"டெலிபோன் ஆபீசுல இருக்கிறது மாதிரி இருக்கே."

பந்திங்கிலிருந்து வந்திருந்த ஒரு மாமா மணப்பெண்ணுக்கே கேட்கும்படி சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ஷாக் கொடுக்கிற மெஷின் போல."

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நாச்சம்மை தலையை நிமிர்த்தாமல், "தேவைப்பட்டா கொடுக்கலாம் மாமா" என்றார்.

அது ஒரு சிந்தசைஸர். மின்சாரத்திலிருந்து சத்தத்தை உண்டாக்கும் வாத்தியம். ஏற்கெனவே பதிந்து வைத்த சத்தம் எதுவும் அதற்குள் கிடையாது. குமிழ்களைத் திருப்பி, பிடிகளைத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் சத்தத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அதைச் சபையில் வைப்பது நாச்சம்மையின் தாயாருக்குப் பிடிக்கவில்லை. "தனியா லோரியில அனுப்பிவிடறேன்டி. வெள்ளிக் குடத்துக்குப் பக்கத்துல இது எதுக்கு?"

"இங்க வெச்சாத்தான் ஆத்தா அது என்னோடது."

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சாமான்கள் பெண்ணுக்கே சொந்தம். ஒவ்வொன்றிலும் அவள் பேர் வெட்டியிருக்கும். அவளைக் கேட்காமல் புருஷன் வீட்டார் ஒரு கரண்டியைக்கூட எடுத்து வெளியாருக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் சபையில் கேள்வி வரும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு நாச்சம்மை மஸ்ஜித் இந்தியா பக்கம் பேர் வெட்டுகிறவரிடம் போயிருந்தார். கையில் ஒரு தகடு. சிந்தசைஸரின் அடித்தகட்டை மட்டும் திருகு கழற்றிக் கொண்டுபோயிருந்தார்.

பேர் வெட்டுகிறவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தப் பாத்திரத்தோட மூடி?"

"பாட்டுப் பாத்திரம்" என்றார் கூட வந்த டொமினிக். "நீங்க வெட்டுங்க பாஸ்."

"க. நாச்" என்று அதில் வெட்டப்பட்டது. கண்ணப்பன் மகள் நாச்சம்மை.

இந்த டொமினிக்கால்தான் சிந்தசைஸர் நாச்சம்மையிடம் வந்தது. அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில் ஓட்டினார். மகன் ஒரு சைக்கிள் கடையின் முன்பக்கத்தில் மேசை போட்டு ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் பழுது பார்த்தார். நாச்சம்மையின் தகப்பனார் அதே தெருவில் காகிதக் கடை வைத்திருந்தார். கான்வென்டில் படிப்பை முடித்த நாச்சம்மை காலை நேரங்களில் அந்தக் கடையைப் பார்த்துக்கொள்வார். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் அவருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் பியானோ இல்லை.

1976-இல் ஒருநாள் தகப்பனாரின் டேப் ரிக்கார்டரைக் கொடுக்கப் போனபோது, டொமினிக்கின் மேசைக்கு அடியில் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பீன் பேண்டு ஒன்று ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டது. ஒரு வருஷமாகியும் ஆளைக் காணோம்.

"ரெண்டு கட்டையை அமுக்கினாலும் ஒரு சத்தம்தான் வரும். பியானோ மாதிரி நினைக்காதீங்க ஆச்சி" என்றார் டொமினிக். அவர் நாச்சம்மையைவிட எட்டு வயது மூத்தவர். செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் கேலிக்கு ஆச்சி என்று கூப்பிடுவார்.

"ஒரே சத்தத்துக்கு எதுக்கு இத்தனை குமிழ்?"

"அந்த ஒண்ணை என்ன வேணா பண்ணத்தான்."

நாச்சம்மை ஒரு கட்டையை அமுக்கினார். விடவில்லை. ஒரு குமிழை மட்டும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே கால் மணி நேரம் நின்றார். ரேடியோ வாங்க வந்தவர் ஒருவர், கப்பல் எதுவும் இங்கே வராதே என்று வாசலில் நின்று யோசித்தாராம்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அவர் அங்கே வந்தார். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டொமினிக் சொன்னார்: "எனக்கு மேசை வேணும் ஆச்சி. நீங்க இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. அந்தப் பேண்டு வந்தா நான் அழுதுக்கிறேன்."

நாச்சம்மை அதில் யாருடைய பாட்டையும் வாசிக்கவில்லை. அவர் வாசித்தது விண்வெளி. 1969-இல் நிலாவில் மனிதன் இறங்கிய செய்தியை அவர் ரேடியோவில் கேட்டிருந்தார். அப்போது பதினான்கு வயது. குரலுக்கும் குரலுக்கும் நடுவே ஓர் இரைச்சல் வந்தது. பேச்சு பூமியில் இருக்கிறவர்களுடையது, இரைச்சல்தான் அங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றியதாம். அந்த இரைச்சலைத்தான் இப்போது பிடிகளைத் தள்ளித் தேடினார்.

"மேல காத்தே கிடையாது. சத்தமும் கிடையாது. ரேடியோ புக்குல படிச்சேன்" என்று டொமினிக் ஒருமுறை மடக்கினார்.

"ரொம்ப நல்லது. அப்ப நான் போடுறது தப்புன்னு யாரும் சொல்ல முடியாது."

ஒரு சத்தத்தைப் பல சத்தமாக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய சுருள் டேப் மெஷின்கள் இரண்டை நான்கு அடி தள்ளி வைத்தார்கள். முதல் மெஷினில் பதிவான டேப் அதிலேயே சுற்றிக்கொள்ளாமல் நேராக இரண்டாவது மெஷினுக்குப் போகும். இங்கே பதிந்த சத்தம் ஆறு விநாடி கழித்து அங்கே கேட்கும். அதைத் திரும்ப முதல் மெஷினுக்கே அனுப்பினால் அதன் மேல் அடுத்த சத்தம் ஏறும். அதன் மேல் இன்னொன்று. முதலில் போட்டது மறையாமல் தேய்ந்து தேய்ந்து அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குச் சில பழக்கங்கள் உண்டு. சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை சுருதி நிற்காது. மத்தியான மழை வந்து காற்று குளிர்ந்தாலும் நழுவும். டொமினிக் அதைக் குறை என்பார். நாச்சம்மை மழை வரும் நேரம் பார்த்து வாசிப்பார்.

கல்யாணமாகி கிள்ளானுக்குப் போனார். கணவர் சாத்தப்பன் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். மாமியார் நாகம்மை ஆச்சி அதற்கும் சேர்த்துப் பேசுவார். கூடத்துப் பக்கத்து அறையில் சிந்தசைஸரும் டேப் மெஷின்களும் குடியேறின. இரண்டு மெஷின்களுக்கு நடுவே டேப் இடுப்பளவு உயரத்தில் ஓடியது. மாமியார் அலமாரிக்குப் போக வேண்டுமென்றால் குனிந்துதான் போக வேண்டும்.

"சாமி ரூமுக்குள்ளகூட நான் இப்படிக் குனியறதில்லை" என்பார்.

அதுவரை பெரிய சண்டையில்லை. சண்டை சனியால் வந்தது.

1980, 81-இல் ஆளில்லாத விண்கலங்கள் சனிக் கோளைத் தாண்டிப் போய் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மெல்லிய கோடுகளாக எண்ண முடியாத வளையங்கள். நாச்சம்மை படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினார். டேப் ஆறு விநாடிக்கு ஒரு தடவை சுற்றி வந்து சத்தத்தின் மேல் சத்தம் ஏறுவதும் அதே மாதிரிதான் என்று பிடித்துக்கொண்டார். ஒரு டேப் சுருள் தொடங்கி முடிய நாற்பத்தெட்டு நிமிடம். அந்த முழுச் சுருளுக்கும் ஒரே இசை. அதற்குச் சனி என்று பேர் வைத்தார்.

"என்ன வாசிக்கிறே?" என்று கேட்டார் மாமியார்.

"சனி, அயித்தை."

"என்னது?"

"சனிக் கோளு. பேப்பர்ல படம் வந்திருக்கே."

சாத்தப்பனுக்கு அப்போது ஏழரைச் சனி தொடங்கியிருந்தது. நாகம்மை ஆச்சி சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போ போன்னு விளக்குப் போடுறேன். நீ வா வான்னு வாசிக்கிறியா?"

"இது சாமி இல்லை அயித்தை. கல்லும் பனிக்கட்டியும்."

"எதுவா வேணா இருக்கட்டும். பேரை மாத்து. குருன்னு வை. குரு நல்லவர்."

"குருவுக்கு இந்த மாதிரி வளையம் இல்லையே."

மாமியார் பேரை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டுப் பெட்டியை மாற்ற முயன்றார். அவருடைய அண்ணன் மகன் வேலாயுதம் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுவொன்று வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனுடன் வந்து நின்றான். "அயித்தை எடுத்துக்கச் சொன்னாங்க. உங்களுக்கு இடைஞ்சலா இருக்குதாம்ல?" நாச்சம்மை பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் காட்டினார். வேலாயுதம் எழுத்தைப் படித்தான். காப்பியைக் குடித்துவிட்டு வெறும் வேனை ஓட்டிக்கொண்டு போனான்.

ஆனால் பெட்டி தன்னுடையது என்பதோடு நாச்சம்மைக்குப் போதவில்லை. சனியை ஒரு தடவையாவது ஆட்கள் முன்னால் முழுசாக வாசிக்க வேண்டும். அது ஒன்றைத்தான் அவர் கேட்டார். கிள்ளானில் நடந்த திறமைப் போட்டியில் ஒருவருக்கு மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே அறிவிப்பாளர், "மைக் டெஸ்ட் போதும் அக்கா, பாட்டை ஆரம்பிங்க" என்றார். மூன்றாவதில் மணி அடித்தது. சாத்தப்பனின் கம்பெனி விருந்தில் ஒன்பது நிமிடம் போனது. பிறகு அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு மேடை வேண்டும் என்றார்கள்.

"ஒரு பத்து நிமிஷமா சுருக்கிடுங்களேன் ஆச்சி" என்றார் டொமினிக்.

"பத்து நிமிஷத்துல நாலு வளையம்கூடச் சேராது. சுருக்கினா அது வேற ஏதோ."

1985-இல் எல்லோரும் ஹேலி வால் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ராதாகிருஷ்ணன், மாணவர்களுக்கு அதைப் பற்றிப் படம் காட்ட ஏற்பாடு செய்தார். அவருடைய சிலைடு புரொஜெக்டரைப் பழுது பார்த்த டொமினிக் நாச்சம்மையைப் பற்றிச் சொல்ல, அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வால் நட்சத்திரம் சனியை எல்லாம் தாண்டித்தானே உள்ளே வருது மிஸஸ் சாத்தப்பன். உங்க மியூசிக் பொருத்தமா இருக்கும். இருபது நிமிஷத்துக்கு சிலைடு இருக்கு."

"என்கிட்ட நாற்பத்தெட்டு நிமிஷம் இருக்கு சார்."

"கொஞ்சம் குறைச்சு..."

"முடியாது சார்."

"சரி, மீதியை ஹால்ல பார்த்துக்கலாம்."

"இப்பவே பார்த்துக்கலாம். படம் முடிஞ்சாலும் இருட்டாவே இருக்கணும். டேப் தீர்ற வரைக்கும் நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது."

ராதாகிருஷ்ணன் தேநீரைக் கலக்கிக்கொண்டே சரி என்றார். பரீட்சைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நடுவே ஹால் காலியாக இருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்று சரஸ்வதி பூஜை.

அதனால் தடை வரும் என்று நாச்சம்மை நினைக்கவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் மறுநாள் விஜயதசமிக் காலை வரை தொடக் கூடாதுதான். ஆனால் ஆறு வருஷமாக மாமியார் அந்தப் பெட்டியைப் பூஜை அறைப் பக்கமே சேர்த்ததில்லை. அது சனியோட சாமான், சரஸ்வதியோடது இல்லை என்பார். வீட்டில் இருந்த புத்தகங்களும், சாத்தப்பனின் பேனாவும், ஒரு சுருதிப் பெட்டியும் மட்டுமே வருஷா வருஷம் பூஜைக்குப் போகும்.

படக்காட்சி மத்தியானம் இரண்டரைக்கு. டொமினிக்கின் வேன் ஒரு மணிக்கு வரும். காலையில் மாமியார், வாழை இலையும் பொரியும் வாங்கிவரச் சொல்லி நாச்சம்மையைப் பாசாருக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது பூஜை முடிந்திருந்தது. மணி இன்னும் மாமியாரின் கையில் இருந்தது.

பெட்டி புத்தகங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் போடுவதுபோல் அதற்கு மல்லிகைச் சரம். முப்பத்தேழு கட்டைகளிலும் ஈரச் சந்தனப் பொட்டு. ஒவ்வொரு குமிழின் தலையிலும் குங்குமம். பிடிகள் ஓடுகிற நீளமான பிளவுகளில் குங்குமமும் அரிசியும் இறங்கிக் கிடந்தன. நாகம்மை ஆச்சி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"பூஜை ஆயிருச்சு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்" என்றார்.

"இன்னைக்கு எனக்கு வேணும் அயித்தை. உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் வெச்சேன்." அவர் மறைக்கவில்லை. "உன்னைக் கெடுக்கணும்னு செய்யலை. அவனுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் பாக்கி இருக்கு. சனியையும் வால் நட்சத்திரத்தையும் ஒரே நாள்ல கூப்பிடப் போறே. நீ அங்க வாசிச்சிட்டு வந்திருவே. வர்றது எந்த வீட்டுக்கு வரும்? இன்னைக்கு ஒரு நாள் அது சரஸ்வதிகிட்ட இருக்கட்டும்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சாத்தப்பன், "படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே ஆத்தா அந்த ரூல்" என்றார். மாமியார் திரும்பிப் பார்த்தார். சாத்தப்பன் பேப்பரைப் புரட்டினார்.

"அது என் சாமான்" என்றார் நாச்சம்மை. "பூஜைக்கு வெக்கிறதா இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கணும்."

 நாகம்மை ஆச்சி தன் சாமானைத் தன் மாமியாரின் கையில் விட்டவர் இல்லை. முப்பது வருஷமாக அதன் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. மருமகள் சொன்னது தப்பென்று அவரால் சொல்ல முடியாது. மணியைக் கீழே வைத்தார்.

"உன் சாமான்தான். எடுத்துக்கோ. எடுத்தா இனிமே இந்த வீட்டுப் பூஜையில நீ உக்கார வேண்டாம்."

"சரி அயித்தை."

மாமியார் எதிர்பார்த்தது வேறு எதுவாக இருந்தாலும் அந்தப் பதிலாக இருந்திருக்காது. நாச்சம்மை மல்லிகைச் சரத்தைக் கழற்றிப் புத்தகங்களின் மேல் வைத்தார். பெட்டியை மார்போடு சேர்த்துத் தூக்கினார். புடவை முழுக்கச் சந்தனம்.

வாசலில் டொமினிக் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. "நான் வேதக்காரன். நான் தூக்கலாமா?"

"இதை நான் தூக்குறேன். நீங்க டேப் மெஷினை எடுங்க."

சாத்தப்பன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். அன்று அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வேனில் ஏறியதும் டொமினிக் பெட்டியைப் பார்த்தார். "என்ன ஆச்சி இது, முகமெல்லாம் பொட்டு? இதுக்கும் கல்யாணமா?"

நாச்சம்மை சிரிக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷால் கட்டைகளின் இடுக்கைத் துடைத்துக்கொண்டே போனார். சந்தனம் போனது. பிளவுக்குள் இறங்கிய குங்குமம் போகவில்லை. உள்ளே திறந்து சுத்தம் செய்ய நேரமில்லை. பள்ளியில் மேசை போட்டு, ஒயர்களைக் கோத்து, டேப்பை இரண்டு மெஷின்களுக்கும் நடுவே இழுத்து முடித்தபோது மணி இரண்டு இருபது. முக்கால் மணி நேரம் சூடாக வேண்டிய பெட்டிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது.

நான் அந்தப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஏறக்குறைய இருநூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். மேடைக்குப் பக்கத்தில் சந்தனக் கறைப் புடவையோடு ஒரு பெண் நின்றது மட்டும் தெரிந்தது. பிறகு விளக்கை அணைத்தார்கள்.

முதல் சத்தம் தரை வழியாக வந்தது. கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த இடத்தில் தெரிந்தது. ராதாகிருஷ்ணன் சார் மலாயில் விளக்கம் சொல்லச் சொல்ல, திரையில் ஒவ்வொரு படமாக மாறியது. அடியில் அந்த ஒரு சத்தம் நின்றுகொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "கப்பல் வந்திருச்சு லா" என்றான். சிரித்தார்கள். நாச்சம்மை ஒரு பிடியைத் தள்ளியபோது ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது. பிளவில் இருந்த குங்குமம். ரேடியோவில் தூரத்து நாட்டு நிலையத்தைத் தேடும்போது வருமே, அதே மாதிரி. அவர் கையை இழுத்துக்கொண்டார். ஆறு விநாடி கழித்து அந்தக் கரகரப்பு இரண்டாவது மெஷினிலிருந்து திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார், இந்தத் தடவை வேண்டுமென்றே, மெதுவாக.

பெட்டி சூடாகச் சூடாகச் சுருதி ஏறிக்கொண்டே போனது. ஆனால் டேப்பில் ஏற்கெனவே பதிந்திருந்தது பழைய சுருதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழையதும் புதியதும் உரசி, நடுவில் யாரும் வாசிக்காத ஒரு துடிப்பு வந்தது. அன்றைக்கு இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டபோது, "வீட்டுல ஒழுங்கா சூடாக்கி வாசிச்சப்ப அது வந்ததே இல்லை" என்றார்.

இருபதாவது நிமிடத்தில் கடைசிப் படம் வந்தது. திரை வெள்ளையானது. தலைமையாசிரியை எழுந்தார். ராதாகிருஷ்ணன் சார் சுவரோரம் போய் விளக்கு சுவிட்சில் கை வைத்தார்.

"ராதாகிருஷ்ணன் சார்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. உரக்கச் சொல்லவில்லை. "இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு."

"மிஸஸ் சாத்தப்பன், பஸ் வந்திடும்..."

"பஸ்ஸுக்குப் போறவங்க போகட்டும் சார். லைட்டைப் போடாதீங்க."

அவர் கையை எடுக்கவில்லை. சுவிட்சைப் போடவும் இல்லை. தலைமையாசிரியை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கை கீழே இறங்கியது. "சொல்லிட்டேன் மேடம். ஒத்துக்கிட்டேன்" என்று மெல்லச் சொன்னார்.

பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகப் போனார்கள். காப்பார் பஸ்காரர்கள் முதலில். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. டொமினிக் கதவருகே நின்று, போகிறவர்களை விட்டு உடனே சாத்தினார். "ஷூ சத்தம் போடாதீங்க பாஸ்" என்றார் ஒரு பதின்மூன்று வயதுப் பொடியனிடம்கூட. தலைமையாசிரியையும் போனார். நான் பஸ்ஸை விட்டேன். ஏன் என்று வீட்டில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மழை தகரக் கூரையில் இறங்கியது. காற்று குளிர்ந்தது. ஏறிய சுருதி இப்போது நழுவி இறங்கத் தொடங்கியது. ஏறும்போது பதிந்தவை எல்லாம் மேலே நிற்க, இது மட்டும் அவற்றின் நடுவே கீழே கீழே போனது. எத்தனை சத்தம் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழுக்குப் பிறகு முடியவில்லை. நாச்சம்மை இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிச் சும்மா நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பத்து நிமிடம் அவர் எதையுமே தொட்டதாக நினைவில்லை. எல்லாம் தாமாகச் சுற்றித் தேய்ந்தன.

டேப் தீர்ந்து, அதன் நுனி மெஷினில் படபடவென்று அடித்தது. டொமினிக் போய் நிறுத்தினார்.

பதினான்கு பேர் மிச்சமிருந்தோம். யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டுமா என்று தெரியவில்லை. என் பக்கத்திலிருந்த பெண், "ஆன்டி, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு" என்றார் நாச்சம்மை. "முழுசா."

அப்போதுதான் ராதாகிருஷ்ணன் சார் விளக்கைப் போட்டார்.

மாமியார் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. நாச்சம்மையும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் சமைப்பார், இலை போடுவார், பூஜை அறைக்குள் மட்டும் போக மாட்டார். சாத்தப்பனின் ஏழரைச் சனி ஒரு குறையுமில்லாமல் கழிந்தது. எள் விளக்குதான் காப்பாற்றியது என்றார் நாகம்மை ஆச்சி. நாச்சம்மை மறுத்துப் பேசவில்லை. புதுக் கீபோர்டுகள் வந்துவிட்டன, நூறு சத்தம் தயாராக உள்ளேயே இருக்கிறது, பழசைக் கொடுத்துவிட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று வேலாயுதம் இரண்டு தடவை வந்து சொன்னான். அவனுக்குக் காப்பி கிடைத்தது.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. ஊரில் எல்லோரும் வாத்தியத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிற அந்தக் காலையில், நாச்சம்மை முக்கால் மணி நேரம் முன்பே பெட்டியைப் போட்டுச் சூடாக்கினார். பூஜை அறையில் விளக்கேற்றியதும் இங்கே முதல் கட்டையை அமுக்கினார். அறைக் கதவைச் சாத்தவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். நான் அவரைப் பார்க்கப் போகத் தொடங்கிய 1993-இலும் அப்படித்தான்.

அந்த வருஷம் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாவது நிமிடம் போல நாகம்மை ஆச்சி மணியும் கையுமாகப் பூஜை அறையிலிருந்து வந்து, டேப்புக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"மணிச் சத்தமே கேக்கலை."

நாச்சம்மை பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கொஞ்சம் பலமா அடிங்க அயித்தை."

நாகம்மை ஆச்சி மணியைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு உள்ளே போய்ப் பலமாக அடித்தார்.